தெருவுக்கு அந்தப் பக்கம்

அப்பா வெண்டல் வீட்டை விட்டுப் போனது வெகுதூரம் ஒன்றும் இல்லை. தெருவைக் கடந்து, எதிர்வீட்டுக் கராஜுக்கு மேல் இருக்கும் ஒற்றை அறைக்குத்தான். ஆனால் அந்தத் தெருவின் நடுவே மாநில எல்லை ஓடியது. டிலேனியும் அம்மாவும் மிசௌரியில், அப்பா கான்சஸில்.

ஏன் போனார் என்று கேட்டால் இருவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "பெரியவங்க விஷயம்." அதைக் கேட்டுக் கேட்டு டிலேனிக்கு அலுத்துவிட்டது.

இன்று மே ஒன்று. எந்தக் கல்லூரி என்று இன்றைக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்பதால் அப்பாவும் சாப்பிட வந்திருந்தார். சுட்ட மாட்டிறைச்சியில் அப்பாவுக்குப் பிடித்த ஓரம் கருகிய துண்டுகளாகப் பொறுக்கி அம்மா நொரீன் அவர் தட்டில் வைத்தாள்.

பிரிந்து போனவருக்கு இந்த உபசாரம் வேறா என்று டிலேனிக்கு எரிச்சலாக வந்தது.

"அந்த ரூமுக்குப் போயி செவ்வாய்க்கிழமையோட ஒரு வருஷம் ஆகுது," என்றார் அப்பா, மென்றுகொண்டே.

"கேக் வெட்டணுமாப்பா?"

அம்மா அப்பாவை முறைத்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதை விடு," என்றாள் அம்மா. "கான்சஸ் காலேஜ்தானே? ஆறு வயசுலேருந்து அதைத்தானே சொல்லிட்டிருக்கே."

"கான்சஸ்காரங்களுக்குத்தாம்மா அது கட்டுப்படியாகும். நமக்கு ரெண்டு மடங்கு ஃபீஸ்."

"ஃபீஸ் எங்க கவலை," என்றார் அப்பா.

டிலேனியால் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள். எதிரே கராஜ் மேல் அந்த அறை இருட்டாகக் கிடந்தது.

"அப்ப மிசௌரியிலயே சேர்றியா? அதுவும் நல்ல காலேஜ்தான்," என்றாள் அம்மா.

"ரெண்டும் வேண்டாம். நெப்ராஸ்காவுல மார்க்கைப் பாத்து மெரிட் ஸ்காலர்ஷிப் குடுத்திருக்காங்க. அதைக் கழிச்சா இங்க படிக்கறதைவிடக் குறைச்சல்தான். மத்தியானமே சேர்றேன்னு சொல்லி முன்பணமும் கட்டிட்டேன்."

அப்பாவின் கையில் இருந்த முள்கரண்டி அப்படியே நின்றது.

"நெப்ராஸ்காவா? எதுக்குடி அவ்வளவு தூரம்?" என்றாள் அம்மா.

"இங்க இருந்தா தினமும் இந்த ஜன்னல் வழியா அப்பா விளக்கை அணைக்கறதைப் பாத்துட்டுத்தான் தூங்கணும். இன்னும் நாலு வருஷம் என்னால முடியாதும்மா." அழக்கூடாது என்று நினைத்திருந்தாள். அழுதாள்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றாள் அம்மா.

"நீங்க மட்டும் சொன்னீங்களா?"

அம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "உங்கிட்ட சொன்னா நீ தெருவுக்கே சொல்லிடுவியோன்னு பயந்தோம். அப்பாவோ அம்மாவோ ஒரு வருஷம் கான்சஸ்ல குடியிருந்தாதான் அந்தக் காலேஜ்ல பாதி ஃபீஸ்னாங்க. அதுக்காகத்தான் அப்பா அங்க போனாரு."

டிலேனி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்ப நான் வீட்டுக்கு வந்துடலாமா, நொரீன்?"