ஒரு சொட்டுத் தாய்ப்பால்

தங்கப்பழத்தின் கண்ணுக்குள் டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்க்கப் பார்க்க, அவர் மனைவி செல்லக்கனிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இலவசக் கண் முகாமில் அவருக்குப் புரை எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. மூன்றாம் நாள் கண் சிவந்திருந்ததைக் கண்டு பயந்து, சொட்டுமருந்துக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுக் கைப்பிள்ளைக்காரியிடம் வாங்கிய தாய்ப்பாலை அவருக்குத் தெரியாமல் அந்தக் கண்ணில் விட்டவள் அவள்தான். இப்போது அதே கண்ணில் பால் படிந்தாற்போல் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்கிறார். வீட்டில் அவர் கதவு நிலையைக் கையால் தடவி நடக்கும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

வீட்டில் கண்ணுக்கு என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்கப்போகிறார். அவள் காத்திருந்தாள்.

டாக்டர் நிமிர்ந்தார். “லென்சுக்குப் பின்னால இருக்கிற சவ்வு மங்கியிருக்கு. புரை எடுத்த பலருக்கும் இப்படி ஆகிறது உண்டு. லேசர்ல கொஞ்ச நேரத்துல சரிபண்ணிடலாம். யார் மேலயும் தப்பில்ல.”

தங்கப்பழம் பெருமூச்சு விட்டார். “நாலாம் நாளே கிணத்துல முங்கிட்டேன் டாக்டர். அதனாலதான்னு நெனச்சு இத்தன நாளா இவகிட்ட சொல்லல.”

“கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கேட்டியளா?” என்று சீறினாள் செல்லக்கனி.

அவர் தலையைத் தொங்கப்போட்டார். பாலைப் பற்றி அவள் மூச்சுகூட விடவில்லை.