ஏற்றத்தில் நின்ற ஜீப்

பொனட்டைத் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது. தாடி நரைக்கும்வரை கராஜ் நடத்திய எனக்கு ஒரு கிழட்டு டீசல் ஜீப்பைப் பார்த்துப் பயம்!

ருவான்வெல்லைக்குப் போகும் தோட்டத்து ஏற்றத்தில், வழியை அடைத்துக்கொண்டு நின்றது அது. நேற்றுக் காலையில் அதன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தபடிதான் டிரைவர் மூக்கையா செத்துக் கிடந்தான். இன்று பின்னேரம் அவனை இந்த வழியாகத்தான் தூக்கிப்போக வேண்டும்.

போன வாரம் அந்த ஜீப்பின் டீசல் பம்ப்பைக் கழற்றிப் பூட்டியவன் நான்.

லயத்து வரிசை வீடுகள் முழுக்க ஒரே பேச்சு. இந்த புவாட் பூட்டிய பம்ப் ஏற்றத்தில் காலை வாரிவிட்டதாம். மூக்கையா முன்பக்கம் ஹேண்டிலைப் போட்டு எஞ்ஜினைச் சுற்றிச் சுற்றியே நெஞ்சடைத்துப் போனானாம்.

பேச்சுக்குச் சாட்சியும் இருந்தது. காலையில் தபாலுக்குப் போகும்போது, தோட்டத்துத் துரைக்குத் தெரியாமல், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஜீப்பில் ஏற்றிக்கொள்வான் மூக்கையா. நேற்று, வண்டி பழுதாகிவிட்டது, திரும்பிப் பார்க்காமல் நடந்து போங்கள் என்று அவனே எல்லோரையும் இறக்கிவிட்டிருக்கிறான்.

இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தவள் அவன் பேத்தி துஷ்யந்தி மட்டும்தான். அவளுக்கு ஒருநாளும் முகம் சுளிக்காதவன், நேற்றுக் கண்டபடி ஏசி விரட்டியிருக்கிறான். அந்தச் சின்னது இன்னும் தாத்தாவின் சவப்பெட்டிக்குக் கிட்டவே போகவில்லை. நெய்ப்பந்தம் பிடிக்க அவனுக்கு இருக்கிற ஒரே பேத்தி. அவள் வராமல் பெட்டியை எப்படி எடுப்பது என்று பெரியவர்கள் தலையைச் சொறிந்தார்கள். தப்படிக்கிறவர்கள்கூடச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் அம்மா கலைச்செல்வி, மூக்கையாவின் மகள், ஜீப்பைப் பிடித்தபடி என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உண்மையச் சொல்லுங்க மாமா. நீங்க செஞ்ச வேலையிலதான் கோளாறா?"

"பாக்குறேன் மகள்," என்றேன்.

கராஜிலிருந்து கொண்டுவந்த பெட்டரியைப் பூட்டினேன். ஜீப்பின் பெட்டரி எப்போதோ செத்தது. கம்பனிக்காரர்கள் தோட்டத்தை எடுத்ததிலிருந்து புதிது கேட்டுக் கேட்டு மூக்கையாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் எங்கே நிறுத்தினாலும் இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவான். உருட்டிவிட்டால்தான் ஸ்டார்ட். ஏற்றத்தில் துரையே கை காட்டினாலும் எஞ்ஜினை மட்டும் அணைக்க மாட்டான்.

கலைச்செல்வி அப்பாவின் சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். எஞ்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை.

டாங்கியில் டீசல் இருந்தது. பில்டரின் திருகைத் தளர்த்திக் காற்றைப் போக்கினேன். பம்ப் வரைக்கும் டீசல் சுத்தமாக வந்தது. பம்ப்புக்கு அப்பால் ஒரு குழாயைத் தளர்த்திவிட்டு, மறுபடி திருப்பச் சொன்னேன்.

ஒரு சொட்டு வரவில்லை.

என் பம்ப்!

யா அல்லாஹ், இந்தக் கையாலா என் சிநேகிதனைக் கொன்றேன்? ஜீப்பின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே உட்கார்ந்ததால்தான் கண்ணில் பட்டது. சுற்றிச் சுற்றிச் செத்தான் என்றார்களே, அந்த ஹேண்டில் சீட்டுக்கு அடியில் சாக்கில் கட்டியபடியே கிடந்தது. கட்டை யாரும் தொட்டிருக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். கைபிரேக் இறுக்கிப் போட்டிருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே, எஞ்ஜினை அணைப்பதற்கு இழுக்கிற பிடி, முழுதாக வெளியே இழுபட்டிருந்தது.

அது வெளியே இருந்தால் எந்தப் பம்ப்பும் டீசல் விடாது. முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. மூக்கையா ஏற்றத்தில் அதைத் தொடுவான் என்று கனவிலும் நினைக்காததால் நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

பிடியை உள்ளே தள்ளினேன். "இப்ப திருப்புங்க மகள்."

ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு, ரப்பர் மரங்கள் அதிர உறுமியது.

"வண்டிக்கு ஒண்டும் இல்ல. அப்பாவே நிப்பாட்டி இருக்கார்."

"இந்த ஏத்தத்திலயா?" என்றாள். அந்த ஜீப்பின் குணம் அவளுக்கும் தெரியும். இங்கே அணைத்தால் திரும்ப எடுக்க முடியாது. திரும்ப எடுக்கும் வேலை தனக்கு இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

நெஞ்சு பிடித்திருக்கிறது. பிள்ளைகள் பார்க்கக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கிற வண்டியைப் பழுது என்றால் எந்தப் பிள்ளை நம்பி இறங்கும்?

கலைச்செல்வி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்குத்தான் புள்ளைய ஏசினாரா..."

குதித்து இறங்கி, செருப்பைக்கூடப் போடாமல் லயத்தை நோக்கி ஓடினாள்.

நான் ஜீப்பை ஓரம் கட்டினேன். அணைப்பதற்கு அந்தப் பிடியில் கையை வைத்தேன், இழுக்க மனம் வரவில்லை. படுபாவி! வாழ்நாள் முழுக்க என் வேலையை நக்கலடித்தவன், போகிற நேரத்திலும் பழியை என் பம்ப்பின் மேல் போட்டுவிட்டல்லவா போயிருக்கிறான். போடட்டும். என் தலையில் போட அவனைவிட உரிமை யாருக்கு இருக்கிறது? துடைக்கத் துடைக்கக் கண்ணீர் நின்றபாடில்லை.

கீழே, லயத்தில், தப்புச் சத்தம் எழுந்தது. சின்னது பந்தத்தைக் கையில் வாங்கிவிட்டாள்.