டிராகன் நகராத மதியம்

தட்டிலிருந்து மொறுமொறு வர்க்கி ஒன்றை எடுக்க நீட்டிய என் முழங்கை லேப்டாப்பில் முறையை முடிக்கும் விசையை இடித்து, கெஸியாவின் முறை அவள் ஒரு படையைக்கூட நகர்த்தாமலே முடிந்துவிடுகிறது. திரையில் அவளுடைய டிராகன் வாயைப் பிளந்தபடி நிற்க, எலும்புக்கூட்டுப் படை நிதானமாக நடந்து வந்து எங்கள் கோட்டையைப் பிடிக்கிறது. என் மனைவி கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த விளையாட்டின் முதல் பாகமாக இருந்திருந்தால் இந்நேரம் தலையணை பறந்திருக்கும். மூடுபனி தேயிலைச் சரிவை விழுங்கிவிட்டு ஜன்னல் கண்ணாடிவரை வந்து நிற்கிறது. ஞாயிறு மதியத்துக்கே விளக்குப் போட்டாயிற்று. தகரக் கூரையில் தூறல் விழுகிறது. விசைகளுக்கு நடுவே சிந்திய வர்க்கித் தூளை அவள் விரல்நுனியால் ஒற்றி ஒற்றி எடுக்கிறாள். ஆறு வருடம் காத்திருந்து, எஸ்டேட் ஆபீஸ் முழுக்கப் பெருமை பேசி நான் வாங்கிய இரண்டாம் பாகம் இது. எப்படி என்று ஒரு வாரமாகக் கேட்கிறேன். “மலையெல்லாம் அழகா வரைஞ்சிருக்காங்க” என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

“நெசமாச் சொல்லு கெஸி. கேம் புடிக்கலையா, என்கூட வெளையாடறது புடிக்கலையா?”

“கேம்தானுங்க. இதுல கடிகாரம் வெச்சு ஒரு நிமிஷத்துல முறைய முடிச்சுடறாங்க. பழசுல நீங்க ஒரு குதிரைய நகத்தறதுக்குக் கால் மணி நேரம் தாடையச் சொறிவீங்க. எனக்கு அதப் பாத்துட்டு உக்காந்திருக்கோணும். பழசையே போடுங்க.”