இப்போது அவர் முறை

ஒஹாயோ ஓட்டல் அறையில் விஞ்ஞானக் கதை ரசிகர்கள் வட்டமாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். பிடித்த கதைகளைப் பாட்டாக்குவது அவர்கள் வழக்கம். முறை வந்தால் பாட வேண்டும், இல்லையென்றால் 'பாஸ்' சொல்ல வேண்டும்.

கதவருகே நின்ற எழுத்தாளர் மெரிட் ஹாலோவே விருட்டென்று உள்ளே வந்தார். கண் தெரியாத கேப்டன், பேசும் நாய், கடைசியில் அந்த நாயே விண்கலத்தைத் தரையிறக்குவது என்று அவருடைய பரிசு பெற்ற நாவல் அப்படியே கிதாரில் ஒலித்தது.

"நிறுத்துங்க! என் கதையைத் திருடி இப்படி நாறடிக்கிறீங்களே, அருவருப்பா இல்ல? வக்கீல் நோட்டீஸ் அனுப்பாம விடமாட்டேன்!"

பாடிக்கொண்டிருந்த நரைத்தலை வெல்டா, பழுப்பேறிய பாட்டுப் புத்தகத்தை அவரிடம் நீட்டினாள்.

"தாராளமா அனுப்புங்க எழுத்தாளரே. தேதியையும் பார்த்துப் போட்டுடுங்க."

அட்டையில் 1979 என்றிருந்தது. அவர் நாவல் வெளிவந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

"அது நானே கட்டின கதை, நானே கட்டின பாட்டு. அப்போ நீ என் பக்கத்துலதானே உட்காருவ, மெரிட்? ஒரு நாளும் பாடினதில்ல. முறை வந்தா 'பாஸ்'னு சொல்லிட்டு, நோட்டுல என்னமோ எழுதிக்கிட்டே இருப்ப."

வட்டம் முழுவதும் அவரையே பார்த்தது.

"உன் முறை வந்தாச்சு. இப்பவும் பாஸ்தானா?"