இன்னும் கொஞ்சம் பெரிசா

மூக்கை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார் அந்த அம்மா.

கார்ட்டூன்காரர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவரைப் பார்த்தார். இத்தனை வருடத் தொழிலில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை.

தொந்தியைக் குறைக்கச் சொல்வார்கள். வழுக்கையில் நாலு முடி வைக்கச் சொல்வார்கள். பார்த்தால் சிரிப்பு வரவேண்டும், ஆனால் படத்தில் இருப்பவர் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பார்கள். அன்று காலைகூட ஒரு வங்கி மேலாளரின் பணி ஓய்வு விழாவுக்கு வரைந்த படம் திரும்பி வந்திருந்தது. அது மேலாளர் மாதிரியே இருக்கிறதாம். அதுதான் குறையாம்.

வாரப் பத்திரிகை நின்றுபோனதிலிருந்து இதுதான் பிழைப்பு. கல்யாணம், பிறந்தநாள், வழியனுப்பு விழா. ஆட்கள் கைபேசியில் போட்டோ அனுப்புவார்கள். நேரில் வந்து எதிரே உட்காருகிறவர்கள் அபூர்வம்.

இந்த அம்மா நேரில் வந்திருந்தார். ஊருக்கு நெடுங்காலம் மேயராக இருந்தவரின் மனைவி.

அந்த மேயரை வாராவாரம் பத்திரிகையில் வறுத்தெடுத்தவர் கார்ட்டூன்காரர்தான். முறம் மாதிரி இரண்டு காது, நடுவில் பட்டாணி அளவுக்கு முகம். தெருவில் தண்ணீர் தேங்கினால் மேயர் காதையே துடுப்பாக்கிப் படகு ஓட்டுவார். பிள்ளைகள் சுவரில் இரண்டு வட்டம் போட்டாலே அது யார் என்று ஊருக்குப் புரிந்தது. காதை மட்டுமாவது விட்டுவிடச் சொல்லுங்கள் என்று மேயர் ஒருமுறை ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டதாகப் பேச்சு. அடுத்த வாரம் காது ஒரு சுற்றுப் பெருத்தது.

அதனால், மேயர் வீட்டம்மா வாசலில் நிற்கிறார் என்று மனைவி மாடியேறி வந்து சொன்னபோது, பழைய பகைக்கு நியாயம் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று அவர் நினைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று சட்டையை மாற்றிக்கொண்டார்.

வந்தவர் சண்டை போடவில்லை. தன்னை வரைந்து தரவேண்டும் என்றார்.

எழுபதைத் தாண்டிய முகம். முதல் பார்வையிலேயே எல்லாம் கண்ணில் பட்டுவிட்டது: நுனியில் உருண்டு நிற்கும் மூக்கு, ஒன்று ஏறி ஒன்று இறங்கிய புருவம், முன்பற்களுக்கு நடுவில் ஒரு சந்து. தொழில் புத்தி, பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவரைக்கூட விடாது. ஆனால் இந்தக் குடும்பத்தின் வயிற்றெரிச்சலைத் தேவைக்கு மேலேயே கொட்டிக்கொண்டாயிற்று. புருவத்தைச் சமமாக்கினார். உதட்டை மூடினார். மூக்கை மட்டும், தொழிலுக்கு மரியாதையாக, ஒரு பொட்டு உருட்டினார்.

அம்மா படத்தை எட்டப் பிடித்துப் பார்த்தார். அழகாக இருக்கிறது என்றார், குறை சொல்கிற குரலில்.

அப்புறம்தான் அந்த மூக்கு. மூக்குக்குப் பிறகு புருவம். அழித்து அழித்துத் தாள் பஞ்சு பஞ்சாக எழும்பியது. பெரியவர்களை அதற்கு மேல் வரையக் கை வரவில்லை என்று அவர் மழுப்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரரை வரையும்போது மட்டும் எப்படி வந்தது என்று அம்மா கேட்டார். அதில் கோபம் இல்லை. அதுதான் கார்ட்டூன்காரருக்குக் குழப்பமாக இருந்தது.

கடைசியில், எதற்காக இப்படி என்று நேராகவே கேட்டுவிட்டார்.

"அவருக்கு இப்ப யாரையும் அடையாளம் தெரியல தம்பி. கல்யாண போட்டோவைக் காட்டினா, யாரு இவங்கங்கறாரு. கண்ணாடியைப் பார்த்து, வாங்க உட்காருங்கங்கறாரு. போன வாரம் அலமாரித் தட்டுல விரிச்சிருந்த உங்க பழைய கார்ட்டூன் ஒண்ணு அவர் கையில கிடைச்சுது. பார்த்ததும், இது நான்தானேன்னு ஒரே சிரிப்பு."

அம்மா படத்தை மேசைமேல் வைத்தார். அதேபோல் தன்னையும் அவர் கண்டுபிடிக்கவேண்டும் என்றார்.

கார்ட்டூன்காரர் அந்தத் தாளைக் கசக்கிப் போட்டார். புதுத் தாளைப் பலகையில் பொருத்தினார். வாயைத் திறந்து சிரிக்கச் சொன்னார்.

இந்த முறை கை தயங்கவில்லை. மூக்கு முகத்தை விட்டு வெளியே வந்தது. ஒரு புருவம் நெற்றியைத் தாண்டிக் கூந்தலுக்குள் நுழைந்தது. முன்பற்களின் சந்தில் ஒரு கதவே வைக்கலாம்போல் ஆயிற்று. அம்மா பார்த்துவிட்டு, இதுதான் நான் என்றார்.

படம் கசங்காமல் இருக்கக் கார்ட்டூன்காரரே அதை எடுத்துக்கொண்டு கூடவே இறங்கினார். தெருவில் கார் நின்றிருந்தது. பின்சீட்டில் முன்னாள் மேயர், பொத்தான் எல்லாம் ஒழுங்காகப் போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். காதுகள் சாதாரண அளவில்தான் இருந்தன.

அம்மா சுற்றிப்போய் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். கார்ட்டூன்காரர் ஜன்னல் வழியே படத்தை நீட்டினார்.

மேயர் மடியில் வைத்துப் பார்த்தார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு உதடு கோணியது. பிறகு வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் படத்தைப் பக்கத்தில் இருந்தவரின் பக்கம் திருப்பினார்.

"இவதான் என் வீட்டுக்காரி. நீங்க பார்த்திருக்கீங்களா?"

அம்மா குனிந்து படத்தைப் பார்த்தார்.

பார்த்திருக்கிறேன் என்றார்.