பால்காரரைப் பார்த்துக் குரைக்காத நாய்

பால்காரர் வந்தால் வாலாட்டுகிற அந்த வீட்டு நாய், புதுத் தபால்காரர் கிளம்பும்போது மட்டும் வண்டிக்குக் குறுக்கே பாய்ந்து குரைத்தது. இன்றைக்கு அவருக்குப் பொறுமை போய்விட்டது.

“அக்கா, நாயைக் கட்டி வைங்க! என்னைக்காவது கீழே விழத்தான் போறேன்!”

வீட்டுக்கார அம்மாள் சிரித்தார். “விழக்கூடாதுன்னுதான் கத்துறான். ஸ்டாண்டை எடுத்தீங்களா?”

தபால்காரர் குனிந்து பார்த்தார். சைடு ஸ்டாண்டு நீட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு நிறுத்திக் கிளம்புகிற அவசரத்தில் அதை மறப்பது அவர் வழக்கம். காலால் தட்டிவிட்டார். நாய் கப்சிப்பென்று அடங்கி வாலாட்டியது.

“இவனை இப்படி யாருக்கா பழக்கினது?”

“நான்தான். எங்க வீட்டுக்காரரும் தபால்காரர்தான், தினமும் மறப்பாரு. இப்ப புரமோஷன் வந்து ஆபீஸ்ல உட்கார்ந்துட்டாரு. பால்காரரோ ஸ்டாண்டை மறக்கறதே இல்ல. இவனுக்குத்தான் வேலை போச்சு, சோறு தண்ணி இல்லாம சுருண்டு கெடந்தான்.”

அம்மாள் நாயின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

“நல்லவேளை, நீங்க வந்தீங்க!”