புடி, உடு

"புடி," என்றான் பூவரசன்.

பின்னால் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருந்த நிர்மலா, இடது கையை முன்னால் நீட்டி கிளட்சை அழுத்தினாள். அவன் கியரை மாற்றினான்.

"உடு."

விட்டாள். வண்டி குலுங்கி நகர்ந்தது.

மாவுக்கட்டுப் போட்ட அவன் இடது கை கழுத்தில் தொங்கியது. ஏரியூருக்குக் காலை பஸ் வரவில்லை. அவனால் ஒற்றைக் கையால் ஓட்ட முடியாது. அவளுக்கு ஓட்டவே தெரியாது. அதனால்தான் இந்த ஏற்பாடு.

"ரொம்ப வலிக்குதுங்களா?"

"வலிச்சா என்ன பண்றது? இன்னைக்கும் போகலன்னா மறுபடி தேதி தள்ளிப் போட்டுருவாங்க. அலைஞ்சு அலைஞ்சு சலிச்சுப்போச்சு."

"எனக்குந்தான்."

பென்னாகரம் தாண்டியபோது அவன் வாய் திறக்குமுன்பே அவள் கை கிளட்சை அழுத்தியது. வண்டி குலுங்கவே இல்லை.

வழியில் ஆட்டு மந்தைக்காக நின்றார்கள். ஆடு ஓட்டி வந்தவள் இருவரையும் பார்த்துச் சிரித்தாள். "புருசன் பொண்டாட்டின்னா இப்பிடி இருக்கணும்!"

மந்தை விலகியதும் நிர்மலா கிளட்சை அழுத்தினாள்.

தருமபுரி கோர்ட்டில் நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "கடைசியாக் கேக்கறேன். ரெண்டு பேரும் ஒத்துப்போக வழியே இல்லையா?"

"இல்லைங்க," என்றார்கள் ஒரே நேரத்தில்.

விவாகரத்து கிடைத்தது.

வெளியே வந்ததும் நிர்மலா பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள். பூவரசன் வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தான்.

"புடி," என்றான், பழக்கத்தில்.